1.7
ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகள் முடியும்வரை அக்கா பேசவில்லை. பெரியம்மா மகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை நட்டலிசுமாப் ஏற்றிக்கொள்கிறாள். இரண்டரை வருடமாக நோய் மறுபடி தாக்கவில்லை.

ஆனால், பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உடலில் சும்மா கிடக்கும் ஜேசி வைரஸ், இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அரிதாக மூளையைத் தாக்கும். 2005-இல் அதனால்தான் மருந்தையே நிறுத்தினார்கள். மறுவருடம் கண்காணிப்போடு திரும்பியது. ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தத்தில் ஆன்டிபாடி அளவு பார்ப்பார்கள். 0.9 வரை ஆபத்து குறைவு. 1.5-ஐத் தாண்டி, மருந்தும் இரண்டு வருடம் கடந்திருந்தால் கூடுதல்.

போன முறை 0.6. இப்போது 1.7.

"நல்லா கேக்குற மருந்தை விடணுமா தம்பி?"

வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிறவன், கியரை மாற்றினேன்.

மருத்துவர் வேறு மருந்துக்கு மாறலாம் என்றார். முதலில் எம்ஆர்ஐ. வியாழக்கிழமை மறுபடி இறங்க வேண்டும்.