வத்திராயிருப்பில் ஒரு லேத், ஒரு எடைக்கல், ஒரு குட்டி இன்ஜின்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், கிருஷ்ணன்கோவிலில் மெயின் ரோட்டை விட்டு மேற்கே திரும்பும். அதுவரை ஓரமாகவே கூட வந்த மலை, அந்தத் திருப்பத்துக்குப் பிறகு நேர் எதிரே வந்து நிற்கும். இரண்டு பக்கமும் வயல், வரப்பில் தென்னை, நடுநடுவே கண்மாய். மேற்குத்தொடர்ச்சி மலை கையை வளைத்துப் பிடித்திருக்கும் மூலையில் இருக்கிறது வத்திராயிருப்பு.

நான் போனது பிளவக்கல் அணையைப் பற்றி எழுத. பக்கத்தில் இருக்கும் கூமாப்பட்டி 2025-ல் ஒரே இன்ஸ்டாகிராம் ரீலில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊராகிவிட்டது. ‘நாமும் ஒண்ணு போடலாமே’ என்றார்கள் ஆபீசில். தங்குவதற்குப் பெரியப்பா வீடு இருந்தது. அணை எங்கேயும் போய்விடாது, அதை அடுத்த வாரம் எழுதுகிறேன். இந்த வாரம் பெரியப்பா வீட்டுக் கொட்டகை.

பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் மெயின்டனன்ஸில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். ஓய்வுபெற்றதும், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய பெல்ட் லேத் ஒன்றை வாங்கி வைத்தார். ‘பென்ஷன் பணத்துல இரும்பு வாங்கின ஒரே ஆளு இவருதான்’ என்பது பெரியம்மாவின் நிரந்தர வசனம்.

போன வருஷம் ஒரு கண்ணில் புரை நீக்கினார்கள். அடுத்த கண்ணுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வலது கையில் லேசாக நடுக்கம். “பாப்பா, இந்தக் கையில இன்னும் ஒரு இன்ஜின்தான் பாக்கி இருக்கு. எதைச் செய்யிறதுன்னு சரியாப் பாத்து எடுக்கணும்” என்றார். சொன்னவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் செய்ய நினைப்பது பெட்ரோல் ஊற்றினால் நிஜமாகவே வெடித்து ஓடும், உள்ளங்கையில் வைக்கிற அளவு இன்ஜின். இதற்கு ஒரு பின்கதை உண்டு. அவர் சின்ன வயசில் இங்கே கிணற்றுக்குக் கிணறு ஆயில் இன்ஜின். கிர்லோஸ்கர், லிஸ்டர் பாணியில் குஜராத் ராஜ்கோட்டில் வார்த்த இன்ஜின்கள். லிஸ்டரில் ஆறு குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் ரகம் நிமிஷத்துக்கு 650 சுற்று ஓடும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி என்பதால் நொடிக்கு ஐந்து ‘டுக்கு’. அந்தச் சத்தத்தை வைத்தே யார் தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். 1990-ல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. மோட்டார் போட்டார்கள், இன்ஜின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அந்தச் சத்தத்தைப் பேரனுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் பெரியப்பாவின் கணக்கு.

நான் என் பங்குக்கு ஒரு வீடியோ காட்டினேன். எட்டு சிலிண்டர் வி-எய்ட், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, உறுமுகிறது. பெரியப்பா கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, “இது இன்ஜின் இல்ல பாப்பா, வட்டிக்கடன். எட்டு பிஸ்டன், பதினாறு வால்வு. அதுல ஒண்ணு கசிஞ்சாலும் மொத்தத்தையும் கழட்டணும்” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

முதலில் ஆசைப்பட்டுத் தோற்றதையும் மறைக்காமல் சொன்னார். மாடல் டீசல் என்று ஒரு வகை. டூ ஸ்ட்ரோக். வால்வு கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள், அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். தலையில் இருக்கும் திருகைத் திருகி அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கொல்கத்தாவில் ‘அரோரா’ என்ற பெயரில் இதைச் செய்து விற்றிருக்கிறார்கள். குட்டி விமானம் விட்டவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். பாகம் குறைவு, அதனால் சுலபம் என்று நினைத்து இறங்கிவிட்டார்.

“அங்கதான் ஏமாந்தேன்” என்றார். இதில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு மாசம் தேய்த்தார். சிலிண்டரின் இரண்டு வாயும் கொஞ்சம் அகன்றுவிட்டன. காற்று கசிந்தது. கடைசிவரை ஒரு தடவைகூட வெடிக்கவில்லை. அது இப்போது பெரியம்மாவின் மளிகைச் சிட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது குளோ பிளக் வகை. பிளாட்டினக் கம்பி பட்டு மெத்தனால் பற்றிக்கொள்ளும். இதை யோசிக்கவே வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மெத்தனால் உரிமம் இல்லாமல் வாங்கக் கூடிய சரக்கு இல்லை. 2024-ல் கள்ளக்குறிச்சியில் அது என்ன செய்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பேரன் ஓடியாடும் வீட்டில் அதை வைத்திருக்கவும் பெரியப்பா தயாராக இல்லை.

வெளிநாட்டிலிருந்து வார்ப்பு கிட் வரவழைக்கலாம். தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்தால் பெரியம்மாவிடம் சொல்ல முடியாத தொகை. அதோடு, கடைசலில் ஒரு வார்ப்பு பாழானால் இன்னொன்றுக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆகவே மிஞ்சியது ஃபோர் ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், வார்ப்பே இல்லாமல் கம்பியிலும் பட்டையிலும் கடைந்து எடுக்கும் ரகம். அமெரிக்காவின் ஜோ வெப்ஸ்டர் வரைந்த இன்ஜின் ஒன்று இந்த வழியில் உலகம் முழுக்கப் பிரபலம். முதல் இன்ஜின் செய்கிறவர்கள் நிறையப் பேர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிஸ்டன் ரிங்குக்குப் பதில் சூடு தாங்கும் ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளலாம். அளவு கொஞ்சம் பிசகினாலும் வளையம் காப்பாற்றிவிடும். இன்டேக் வால்வு பிஸ்டன் இழுக்கும் உறிஞ்சலிலேயே திறந்துகொள்ளும்படி வைத்தால், எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும் கேம் போதும். கேம் அரை வேகத்தில் சுற்ற வேண்டும். இருபத்து நாலு பல் ஒன்று, நாற்பத்தெட்டு பல் ஒன்று என இரண்டு கியரை சிவகாசியில் பழைய பிரஸ் சாமான் விற்கும் கடையில் பொறுக்கி வைத்திருக்கிறார். பல் வெட்ட அவரிடம் மில்லிங் மெஷின் இல்லை.

ஆனால் மனசு முழுக்க இருப்பது ‘ஹிட் அண்ட் மிஸ்’. ஒரு வெடி வெடித்து வேகம் ஏறியதும், கவர்னர் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். வீல் தன் பாரத்தில் சும்மா சுற்றும். வேகம் குறைந்ததும் மறுபடி ஒரு வெடி. டப்... ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ்... டப். வேகம் குறைவு என்பதால் எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று சின்னப் பையன்கூட எண்ணிப் பார்க்கலாம். சிக்கல் அந்த கவர்னர்தான். நுணுக்கமான வேலை, நல்ல கண் வேண்டும்.

நான் கேட்டேன், “அப்ப எது பெரியப்பா?”

“முதல்ல கவர்னர் இல்லாம ஓடட்டும். அதுக்கு இடம் மட்டும் விட்டு வைப்போம். கண்ணு ரெண்டும் தெளிஞ்ச பிறகு மாட்டிக்கலாம்.”

கோவையில் ஜி.டி. நாயுடு ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் திரும்ப மாட்டித்தான் இன்ஜின் படித்தார். அதைச் சொன்னதும் பெரியப்பா, “கழட்டி மாட்டுறது வேற. இல்லாததைக் கடையிறது வேற” என்றார். நாயுடு ரசிகர்கள் மன்னிக்கவும். நாயுடு பின்னாளில் கடையவும் செய்தார் என்று சொல்வதற்குள் பேச்சு மாறிவிட்டது.

மறுநாள் காலை பிளவக்கல் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். லேத் சக்கில் ஒரு எடைக்கல் ஏறியிருந்தது. தாத்தா மளிகைக் கடையில் இருந்த இரண்டு கிலோ வார்ப்பிரும்பு எடைக்கல். கடையை மூடி இருபது வருஷமாகிறது. அதன் குழியில் முத்திரை குத்திய ஈயம் இருக்கும், அதைத் தட்டி எடுத்திருந்தார். இல்லாவிட்டால் ஒரு பக்கம் கனம் கூடி வீல் உதறுமாம். இதைக் கடைவதைப் பெரியம்மா விரும்பவில்லை. மாமனார் கை பட்ட கல். வாசற்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

“ஓட்டிப் பாக்கிறது திண்ணையிலதான். கொட்டகைக்குள்ள புகை அடைச்சா மூச்சு முட்டிரும்” என்று பேரனிடம் இப்போதே சட்டம் போட்டுக்கொண்டிருந்தார் பெரியப்பா.

பெல்ட் சுழன்றது. அறுகோணக் கல்லின் ஆறு மூலைகளும் டூலில் மோதி டக் டக் டக் என்றன. கறுப்புத் தூள் கொட்டியது. மூலைகள் தேயத் தேய சத்தம் குறைந்து, கடைசியில் ஒரே சீராக ஆனது. பெரியப்பா மெஷினை நிறுத்தி, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“சாப்பாடு ஆறுது” என்றார் பெரியம்மா.