ஏற்றமும் மூச்சும்

2022இல் நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, நாற்பதைத் தாண்டிய நான் டயகமவில் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினேன். முதல் நாள் ஏற்றத்திலேயே வீம்புக்கு மிதித்தேன். மத்ரஸாவை அடைந்தபோது ஓதிக் கொடுக்க மூச்சில்லை. பிள்ளைகள் பயந்துபோய் என் முகத்தையே பார்த்தார்கள்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "அலிப், பே தெரியாத பிள்ளைக்கு முதல் நாளே யாஸீன் ஓதிக் குடுப்பீங்களா?"

எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து, பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகம்தான். செங்குத்தான இடத்தில் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளினேன். ஒரு நாள் மிதித்தால் மறுநாள் கால்களுக்கு ஓய்வு. வாரந்தோறும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இரண்டு மாதத்தில் அதே ஏற்றத்தை இறங்காமலே கடந்தேன், அல்ஹம்துலில்லாஹ்!

சகோதரிகளே, நடையோ சைக்கிளோ, உடம்புக்கும் பாடம் படிப்படியாகத்தான் ஏறும்.