நாலு பேர் வாசித்தார்கள்

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் மூன்று சனிக்கிழமை மாலைகளில் கச்சேரி என்று அத்திம்பேர் வந்து சொன்னார்.

"பாட்டு யாரு?" என்று கேட்டேன்.

"பாட்டு கிடையாது."

"பின்னே, தனி வயலினா?"

"மூணு பேர், நாலு பேர்னு சேர்ந்து வாசிக்கறா. முதல் வாரம் நம்மூர்க்காரா. ரெண்டாவது வாரம் வெளிநாட்டிலேருந்து நாலு பேர். மூணாவது வாரம் மெட்ராஸ்காரா."

"பக்கவாத்தியம்?"

"எல்லாரும் பக்கவாத்தியந்தான். பிரதானம் யாருன்னு நீ வந்து கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

எனக்குச் சங்கீத ஞானம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ராகம் ஒன்று மனசில் தட்டுப்பட்டுப் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிற ஜாதி நான். ஆனாலும் ஜீயபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம் எத்தனை தூரம்! ஒரு பஸ் மாறினால் போதும். போனேன்.

முதல் சனிக்கிழமை வேணு, வயலின், வீணை, மிருதங்கம். இந்தச் சேர்க்கை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1966-ல் லால்குடி ஜெயராமனும் புல்லாங்குழல் ரமணியும் வீணை வெங்கடராமனும் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து வழிகாட்டிவிட்டார்கள். கூடத்தில் ஐம்பது பேருக்கு மேல் இடமில்லை. ஒலிபெருக்கி வைக்கவில்லை. மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். முதலில் வியர்த்தது, கொஞ்ச நேரத்தில் வியர்ப்பது மறந்துவிட்டது. வீணையின் தந்தியில் விரல் வழுக்கும்போது எழுகிற உராய்வுகூடக் கேட்டது. சபாக்களில் ஒலிபெருக்கியின் இரைச்சலில் இத்தனை காலம் இதையெல்லாம் தொலைத்திருக்கிறோமே என்று தோன்றியது.

மேல்நாட்டிலும் இந்தச் சங்கீதம் இப்படி வீட்டு அறைக்கென்றே பிறந்ததுதான். ஹைடன் என்ற வித்வான் ஒரு பிரபுவின் அரண்மனையில் 1761 முதல் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சேவகம் பார்த்தார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்ற நால்வர் அணிக்காக அவர் எழுதியவை மட்டும் அறுபத்தெட்டு என்று கணக்கு. நம் ஜமீன்தார் வீட்டுக் கூடங்களிலும் மிராசுதார் வீட்டுத் திண்ணைகளிலும் நடந்தது வேறென்ன? வயலினே அங்கிருந்து வந்த விருந்தாளிதான். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்கு இழுத்து வந்தார். வந்த விருந்தாளியைத் தரையில் உட்கார வைத்து, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று நம் வசத்துக்குத் திருப்பி, வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிவிட்டோம்.

இரண்டாவது சனிக்கிழமைதான் நான் எழுத வந்த விஷயம்.

நால்வரும் நாற்காலியில் அரை வட்டமாக உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். தம்புரா இல்லை. எனக்கு அதுவே உதைத்தது. சுருதி யார் கையில் இருக்கிறது? ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுத்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். ஒருவர் காதை மூடிக்கொண்டால் நாலு பேருக்கும் சுருதி போய்விடும்.

முதலில் ஹைடன் ஒன்று வாசித்தார்கள். நல்ல குடும்பத்துச் சம்பாஷணை மாதிரி சுகமாகப் போயிற்று. பிறகு ஷோஸ்டகோவிச் என்ற ரஷ்யரின் எட்டாவது நால்வர் இசை. 1960 ஜூலையில் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகருக்குப் போயிருந்தபோது, மூன்றே நாளில் எழுதினாராம். 1945-ல் குண்டு வீசித் தரைமட்டமாக்கப்பட்ட ஊர் அது. யுத்தத்துக்கும் பாசிசத்துக்கும் பலியானவர்களுக்கு அதை அர்ப்பணித்தார். அதோடு, தம் பெயரையும் அதற்குள் ஒளித்து வைத்தார். தீக்ஷிதர் 'குருகுஹ' என்றும், தியாகராஜர் தம் பெயரையும் சாகித்தியத்தில் முத்திரையாக வைக்கவில்லையா? இவருக்குச் சாகித்தியம் ஏது? பெயரின் எழுத்துக்களை ஜெர்மானிய ஸ்வரப் பெயர்களாக்கி, நாலு ஸ்வரத்திலே முத்திரை வைத்துவிட்டார். நம் கணக்கில் அது ரி-க-ஸ-நி. கீரவாணி மேளத்துக்குள் அடங்குகிற நாலு ஸ்வரம்.

முதலில் செல்லோ தனியாக அந்த நாலு ஸ்வரத்தைச் சொல்லிற்று. அடித்தொண்டையில், யாரையோ இருட்டில் கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். கேள்விக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே எல்லாரும் திரும்பக் கேட்டார்கள். அதுவே ஆறுதலாக இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாவது வயலின் வாசித்த அம்மாளை. முதல் வயலின்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவள் பார்வை அவர்மேல் இல்லை. கடைசியில் இருந்த செல்லோக்காரர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வில்லை எடுத்தால் இவள் தோள் அசைந்தது. நடுவில் ஓர் இடத்தில் கதவை இடிக்கிற மாதிரி மூன்று முறை அடித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சத்தம் என் வீட்டுக் கதவில் கேட்ட மாதிரி இருந்தது.

நாங்களும் நாலு பேர்தான். நான் இரண்டாமவன்.

அப்பா காலமான மறு வருஷம் ஜீயபுரத்து வீடும் நிலமும் பாகமாயின. அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசித் தம்பி ஒன்றே ஒன்று கேட்டான். காவேரிப் படுகையில் இருந்த வாழைக் கொல்லை தனக்கு வேண்டும் என்றான். அதிலே காசு அதிகம் என்று அவன் கேட்கவில்லை. அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இறைப்பு பார்த்த இடம். அண்ணா முடியாது என்றார். நான் எழுதுகிறவன் இல்லையா? பாகப் பத்திரத்தின் வாசகத்தை நான்தான் அழகாக எழுதினேன். அண்ணா என்ன சொன்னாரோ அதையே நல்ல தமிழில் சொன்னேன். தம்பி ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான். நான் காகிதத்தைப் பார்த்தேன். அவன் தன் பாகத்தை எங்களிடமே விற்றுவிட்டுத் திருவானைக்காவுக்குக் குடிபோனான். அதற்குப் பிறகு ஜீயபுரத்தில் காலெடுத்து வைக்கவில்லை.

நான் சண்டை போட்டவன் அல்ல என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாஸ்தவந்தான். முதல் வயலினோடு ஒத்து வாசித்தேன், அவ்வளவுதான். அடியிலிருந்து ஒரு குரல் நாலு ஸ்வரத்தில் கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

கச்சேரி முடிந்ததும் அந்த அம்மாளிடம் அத்திம்பேர் இங்கிலீஷில் கேட்டார்: "உங்களில் யார் தலைவர்?"

அவள் சிரித்துக்கொண்டே, அது இடத்துக்கு இடம் மாறும் என்றும், ஆனால் எப்போதும் மற்ற மூன்று பேரும் எங்கே மூச்சு விடுவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் காவேரி இருட்டாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு அருகேதான் முக்கொம்பு. அங்கே கொள்ளிடம் ஒரு பக்கமும் காவேரி ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுகின்றன. பிரிந்த இரண்டும் நடுவே ஸ்ரீரங்கத்தை வைத்துக்கொண்டுதான் போகின்றன. அதையாவது செய்கின்றன.

மூன்றாவது சனிக்கிழமை மெட்ராஸ் நால்வர். 1993-ல் வி. எஸ். நரசிம்மன் தொடங்கிய குழு நம் கீர்த்தனங்களை நாலு தந்தி வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததை ஒலித்தட்டில் கேட்டிருக்கிறேன். அந்த வழியில் வந்த இளைஞர்கள் இவர்கள் என்று கேள்வி. அருமையாக இருந்ததாக அத்திம்பேர் சொன்னார். நான் போகவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு என்று புறப்பட்டவன் திருவானைக்காவில் இறங்கிவிட்டேன்.

கதவைத் தட்டினேன். தம்பியே திறந்தான். தலை பூராவும் நரைத்துவிட்டது. "வா" என்றான். நாற்காலியை நகர்த்தினான். அவன் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகு நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"பத்திரத்தை நான் எழுதியிருக்கக் கூடாது" என்றேன் கடைசியில்.

அவன் பதில் சொல்லவில்லை.

"பங்குனியில் பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருளுவார். அன்னிக்கு நீயும் இருக்கணும்" என்றேன்.

இந்த உத்சவத்தின் கதை எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆற்றுக்குப் போன பேரன் ரங்கனை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. காத்திருந்த பாட்டி ரங்கா, ரங்கா என்று கதறினாள். பெருமாளே பேரனாக வந்து அவள் கையால் பழைய சோறும் கீரையும் சாப்பிட்டார். போனவன் திரும்பி வருகிற ஊர் எங்கள் ஊர். தம்பியிடம் இதை நான் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாததா?

அவன் காப்பி டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"கொல்லைக் கிணத்து ராட்டினம் இன்னும் கத்தறதா?" என்று கேட்டான்.

சின்ன வயசில் அந்த ராட்டினத்தின் சத்தத்தைச் சுருதியாக வைத்துக்கொண்டு ஸரளி வரிசை பாடுவான் அவன். மோட்டார் போட்ட பிறகும் அதைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

"கத்தறது" என்றேன். "எண்ணெய் போடணும்."

"போடாதே" என்றான் அவன். "நான் வந்து பார்க்கறேன்."