குண்டூசி மெத்தை

காலை ஏழரை மணிக்கே என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு குண்டூசி மெத்தையைக் கொடுத்துவிட்டார்கள். தவிடு அடைத்த, தக்காளி அளவு துணி உருண்டை. அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு பிரிஸ்டலிலிருந்து பாத் நகரம்வரை கார் ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் பேச்சு தேவையில்லை.

பக்கத்து வீட்டம்மா ஓய்வுபெற்ற நூலகர். அறுபத்தைந்து வயதில் 1775ஆம் ஆண்டுக்குக் குடிபோகத் தயாராகி நிற்கிறார். முழங்காலைத் தாண்டித் தொங்கும் வெள்ளை லினன் உள்ளங்கி, நாடாவால் கட்டிய காலுறை. அடுத்தது செருப்பு. கடைசியில் போடுவதை இப்போதே போடுகிறாரே என்று நான் விழித்ததைப் பார்த்து, உடுத்திவிட வந்திருந்த தோழி சிரித்துக்கொண்டார். கச்சு ஏறிவிட்டால் இடுப்பை வளைத்துக் குனிய முடியாதாம்.

செருப்பு, பழைய பொருள் கடையில் வாங்கிய குட்டைக் குதிகால் தோல் செருப்புதான். அதன்மேல் பச்சைப் பட்டுத்துணியை இழுத்து ஒட்டி, புறங்காலில் இரண்டு வார்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும்படி தைத்திருக்கிறார். வார்களைப் பிடித்து நிறுத்துவது பக்கிள். அது செருப்போடு பிறந்ததல்ல. நகை மாதிரி தனிச் சொத்து. ஒரே ஜோடியைக் கழற்றிக் கழற்றி வேறு வேறு செருப்புக்கு மாட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் செருப்பில் இடது வலது கிடையாது. இரண்டும் ஒரே அச்சு. நடந்து நடந்துதான் பக்கம் பழகும். இந்த ஒன்றில் மட்டும் அம்மா வரலாற்றை மதிக்கவில்லை. மூட்டுவலி.

கச்சு வந்தது. அன்று அதற்குள் சொருகியது திமிங்கில எலும்பு. பேர்தான் எலும்பு, உண்மையில் பல் இருக்க வேண்டிய இடத்தில் சீப்பு மாதிரித் தொங்கும் தகடு அது. இன்று சொருகியிருப்பது எலக்ட்ரீஷியன் ஒயரைக் கட்டும் கேபிள் டை. முதுகில் ஒரே கயிறு, கொடி சுற்றுவதுபோல் துளைக்குத் துளை ஏறுகிறது. துளைகளுக்கு உலோக வளையம் இல்லை. கூரான ஆணியால் இழைகளை விலக்கித் திறந்து, சுற்றிலும் நூலால் தைத்தவை. ஒரு துளைக்குக் கால் மணி நேரம் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறத் திணற இறுக்குவார்கள் என்று காத்திருந்தேன். சினிமா பார்த்த கெடுதல். தோழி சாவகாசமாகக் கயிற்றை இழுத்து முடிந்தார். அம்மா நன்றாகவே மூச்சு விட்டார். முதுகு மட்டும் யாரோ தட்டி நிமிர்த்தியதுபோல் நின்றது.

பிறகு இடுப்பில் நாடா வைத்த பை. எங்கள் ஊர்க் கிழவிகள் மடியில் செருகும் சுருக்குப் பையின் பெரிய அக்கா. பாவாடைக்குள்ளே தொங்கும், பாவாடைப் பக்கவாட்டுத் திறப்பு வழியே கைவிட்டு எடுக்கலாம். அம்மா மூக்குக் கண்ணாடியையும் கைப்பேசியையும் அதில் போட்டுக்கொண்டார். அடுத்து இடுப்பைச் சுற்றி ஒரு திண்டு. அதன்மேல் பாவாடை: பின்பாதியின் நாடாவை முன்னால் முடிந்து, முன்பாதியின் நாடாவைப் பின்னால் முடிகிறார்கள். எவ்வளவு பருத்தாலும் இளைத்தாலும் அதே பாவாடை.

அந்தப் பாவாடையைப் பார்த்ததும் நான் குண்டூசி மெத்தையைப் பார்க்கத் தொடங்கினேன். காரணம் உண்டு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அம்மாவின் கொள்கை, எல்லாம் கைத்தையல். தையல் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியதே 1846இல்தானே என்பார். ஐந்து மாதமாகச் சாப்பாட்டு மேசையில் தேன்மெழுகு தேய்த்த நூலும் கையுமாக இருந்தவர். போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று சத்தம் கேட்டது. நாலு நிமிடம். பிறகு நிசப்தம். பாவாடை மறுநாள் காலை முடிந்திருந்தது.

மேலங்கி வெண்துணியில் சிவப்பும் நீலமுமாகக் கொடியோடும் சீட்டி. இந்தப் பூக்களுக்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கே உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணியில் பெண்கள் மயங்க, உள்ளூர் நெசவாளர்கள் வயிறு எரிந்தார்கள். 1719இல் லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள், சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் துரத்தி உடையைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் ஊற்றினார்கள். 1721இல் சட்டமே போட்டுத் தடுத்தார்கள். உள்நாட்டில் செய்த பருத்திக்கு 1774இல்தான் தடை நீங்கியது. அம்மா 1775ஐத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். சட்டத்தை மீறாமல் பூ உடுத்தலாம். நூலகர் புத்தி. அசல் சீட்டியில் படிகாரம் தீட்டிய இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்பு பற்றும். இவருடையது இயந்திர அச்சு, ஆனால் கண்ணுக்கு இதம்.

வெட்டும் முறை ஜேனட் ஆர்னால்டின் புத்தகத்திலிருந்து. அருங்காட்சியக உடைகளை அளந்து, எட்டில் ஒரு பங்காகக் கட்டம் போட்டு வரைந்து, 1964இல் வெளியிட்டவர். முதுகு மடிப்புகள் தோளிலிருந்து இறங்கி, உடம்போடு ஒட்டித் தைக்கப்பட்டு, இடுப்பில் வெட்டுப்படாமல் அப்படியே விரிந்து தரையைத் தொடுகின்றன. அழகுக்காக மட்டுமல்ல. அன்று துணிதான் விலை, தையல் கூலி அற்பம். வெட்டாத துணியைப் பிரித்து அடுத்த நாகரிகத்துக்கு மாற்றித் தைக்கலாம்.

அந்தச் சிக்கனம் இங்கேயும் வந்துவிட்டது. துணி போதாமல், இடது அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஓர் ஒட்டு. கொடி ஒரு பக்கம் போக, ஒட்டின் கொடி வேறு பக்கம் போகிறது.

முன்பக்கத்தில் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை. தோழி கை நீட்டினார். நான் மெத்தையை நீட்டினேன். இரண்டு ஓரமும் சேரும் இடத்தில் ஊசி துணிக்குள் போய், வெளியே வந்து, மறுபடி போய் முனையை ஒளித்துக்கொள்கிறது. பதினான்கு ஊசிகள். கழுத்தைச் சுற்றிய மஸ்லினுக்கு இன்னும் மூன்று. கச்சு இருப்பதால் ஒன்றும் குத்தாது.

தலை தனிக் கதை. கம்பளி உருண்டை ஒன்றை வைத்து அதன்மேல் முடியை ஒரு சாண் உயரத்துக்கு வாரி, கொழுப்புக் களிம்பு தடவி, மாவு தூவியிருந்தார்கள். வீடு முழுக்கக் கிராம்பு வாசனை. அதற்கு மூடியாகக் காலாஷ்: பிரம்பு வளையங்கள் கோத்த பட்டுத் தொப்பி, சைக்கிள் ரிக்‌ஷாவின் கூண்டு மாதிரி முன்னால் இழுத்தால் விரியும், விட்டால் மடங்கும். காரில் ஏறும்போது மடக்கினார். இருக்கையைக் கடைசிவரை சாய்த்தும் மாவு கூரையில் ஒட்டியது. துடைத்துக்கொள்ளலாம்.

பாத் நகரத்தில் ராயல் கிரெசென்ட் முன்னால் இறக்கிவிட்டேன். முப்பது வீடுகள் பிறை வடிவில். 1767இல் தொடங்கி 1774வாக்கில் முடிந்தவை. அம்மாவின் உடைக்கு ஓராண்டு மூத்த கட்டடம். புல்வெளியில் இருபது பேர் இதே கோலத்தில். சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்தார்கள், பத்து நிமிடத்துக்கொருவர், “ஜேன் ஆஸ்டினா?” என்று கேட்டார்கள். ஆஸ்டின் பிறந்ததே 1775 டிசம்பரில். முதல் மூன்று பேருக்கு அம்மா விளக்கினார். நாலாவது ஆளிடம், “அவருடைய அம்மா” என்றார்.

அப்போதுதான் ஒரு மூதாட்டி வந்தார். எண்பது இருக்கும், சாம்பல் கம்பளி உடை, அலங்காரமே இல்லை. சுற்றியிருந்தவர்கள் தாமாக வழி விட்டார்கள். வணக்கம் சொல்லிவிட்டு, அனுமதி கேட்டு, அம்மாவின் முன்பக்கத்தைப் பார்க்காமல் கைமுனையை மடக்கி உள்பக்கம் பார்த்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். ஒட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. திசை மாறிய கொடியை விரலால் தடவினார். “இது சரி” என்றார். அம்மாவுக்குக் கன்னம் சிவந்துவிட்டது.

மூதாட்டி மெல்லக் குனிந்து மேலங்கியின் ஓரத்தைத் திருப்பினார். பிறகு பாவாடையின் ஓரம். விரல்கள் ஓரத்திலிருந்து பக்கத் தையலுக்கு ஏறின. நின்றன. அம்மா தூரத்து மரம் ஒன்றைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார். நான் என் கையிலிருந்த மெத்தையைப் பார்த்தேன். காரில் விட்டுவரத் தோன்றவில்லை, இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூதாட்டி பாவாடையைக் கீழே விட்டு, மடிப்பைக் கையால் நீவிச் சரிசெய்தார். நிமிர்வதற்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தடவை பட்டா, பருத்தியா என்று மட்டும் கேட்டார்.

மாலை ஆறுக்குத் திரும்பினோம். அம்மா பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் தூங்கிப்போனார். தலை சாயவில்லை, தோள் தொங்கவில்லை. கேபிள் டை தாங்கிப் பிடிக்க, விளக்குக் கம்பம்போல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, வாயை மட்டும் லேசாகத் திறந்து, சீராகக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார்.