ரெக்கார்டு வீட்டில், கேசட் ரோட்டில்

போன வாரம் என் நண்பரின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். லால்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ‘மைக்செட்டுக்காரர்’ என்றால்தான் நண்பரைத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. தொழிலை இப்போது மகன் பார்க்கிறான். பையிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“மாமா, அப்பாவோட ரெக்கார்டு, கேசட், நான் வாங்கின சிடி எல்லாத்தையும் இதுல ஏத்திட்டேன். இது தப்புங்கிறாங்க. நீங்க கோர்ட்டுல வேலை பார்த்தவங்க. சொல்லுங்க.”

அவன் கேட்டதும் எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது.

1980களின் தொடக்கம். நண்பரிடம் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய ரெக்கார்டுகள் இருந்தன. எல்லாம் திருச்சிக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியவை. விடிகாலை நாலு மணிக்குக் கல்யாண வீட்டில் பாட்டுப் போட ஆரம்பித்தால் இரவுவரை ஓடும். ஊசி உரசி உரசி ரெக்கார்டு தேயும். மாட்டு வண்டியில் ஏற்றி இறக்குவதில் கீறல் விழும். என் மைத்துனர் துபாயிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்திருந்தார். அதில் நண்பருக்காக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ரெக்கார்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். அட்டையில் பாட்டு வரிசையை நான்தான் எழுதுவேன். “இனிமே ரெக்கார்டு வீட்டுல, கேசட் ரோட்டுல” என்று சிரிப்பார். ஒரு ஐப்பசி மழையில் கேசட் பெட்டி முழுக்க நனைந்து வீணானது. ரெக்கார்டுகள் வீட்டில் பத்திரமாக இருந்ததால் மறுபடி பதிந்தோம்.

இதுவரை சொன்னதில் எனக்கு வெட்கம் இல்லை. அடுத்ததில் உண்டு. ரெக்கார்டுகள் என் வீட்டில் இருந்த நாட்களில் ஒரு தனியார் பஸ் டிரைவர் கேட்டார் என்று ஒரு கேசட் பதிந்து கொடுத்தேன். பிறகு இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். காலி கேசட் விலைக்கு மேல் பதினைந்து ரூபாய் வாங்கினேன். நண்பர் ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறார். தன் பாட்டு வரிசை அப்படியே ஓடுவதைக் கேட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். “நான் குடுத்தது பத்திரமா இருக்கத்தான். விக்கிறதுக்கு இல்லை. பாட்டு எழுதினவன் சாப்பிட வேணாமா?” என்றார். ஒரு மாதம் பேசவில்லை.

மகனுக்குச் சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு. கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கியவர் அது கெட்டுப்போனால் உதவ ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. பாட்டுக்கு அப்படி ஒரு வரி இல்லை. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்பது மட்டும் உண்டு. கூலி வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாட்டுப் போடுவதைச் சொந்த உபயோகம் என்று வாதாடுவது கஷ்டம். போதாததற்கு, எந்தச் சாதனத்தில் சேமித்து வைப்பதும் ஒலிப்பதிவின் உரிமையாளர் கையில் உள்ள உரிமை என்று 2012 திருத்தம் சொல்லிவிட்டது.

“அப்போ கல்யாணத்துக்கு லைசென்ஸ் வேண்டாங்கிறாங்களே?”

அதுவும் உண்மைதான். மதச் சடங்கில் பாட்டுப் போடுவது உரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தைச் சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். ஆனால் அந்தச் சலுகை பாட்டை ஒலிக்கவிடுவதற்குத்தான். நகல் எடுப்பதைப் பற்றி அது பேசவில்லை. கடைத் திறப்பு விழா, பிறந்தநாள் விழாவெல்லாம் அந்த வரியில் வராது.

“அப்பா காலத்துப் பாட்டெல்லாம் பழசுதானே, மாமா?”

ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது வருஷம் உரிமை. 1963இல் வந்த ரெக்கார்டு என்றால் 2023 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. எழுதியவர் இறந்த பிறகு அறுபது வருஷம். கண்ணதாசன் காலமானது 1981இல். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு.

அவன் முகம் வாடிப்போனது. நான் வக்கீல் இல்லை, குமாஸ்தாவாக இருந்தவன். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். “வாங்கின ரெக்கார்டையும் சிடியையும் பில்லோட வச்சிரு. தூக்கிப் போட்டுடாதே. கல்யாணம் இல்லாத விழாவுக்கு லைசென்ஸ் எடுத்துடு. நகல் எடுக்கவும் சேர்த்து அனுமதி உண்டான்னு அப்பவே கேட்டுக்கோ. யார் கேட்டாலும் இந்த டிஸ்க்கிலேருந்து ஒரு பாட்டுகூட ஏத்திக் குடுக்காதே.”

“கடைசியா சொன்னது அப்பா சொல்ற மாதிரியே இருக்கு” என்றான்.

அவர் சொன்னதுதான் என்று நான் சொல்லவில்லை. அந்த நாலு கேசட்டுகள் இப்போது யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ. அட்டையில் இருப்பது என் கையெழுத்து.