ரயிலேறும் முன் கொஞ்சம் இங்கிலீஷ்!

பண்ருட்டி என்றால் பலாப்பழம், பலாப்பழம் என்றால் பண்ருட்டி. சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஊர் வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும். சாலையோரமெல்லாம் பழம் குவிந்து கிடக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் முந்திரித் தோப்பு. கெடிலம் ஆற்றங்கரையில் திருவதிகைக் கோயில். அப்பர் சுவாமிகளை நல்வழிக்குக் கொண்டுவந்த அக்கா திலகவதியார் திருத்தொண்டு செய்த தலம் அது. அந்த அக்காவின் ஊர்ப் பக்கத்திலிருந்து நானும் என் தங்கைக்குப் பாடம் சொல்லப் போனேன். தேவாரப் பாடம் இல்லை, சகோதரிகளே. இங்கிலீஷ் பாடம்!

தங்கை நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு பார்சிங்சருக்கு மாற்றல் ஆகிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்கிறீர்களா? ராஜஸ்தானில், பிகானீர் மாவட்டத்தில். நம் நெய்வேலி நிறுவனம் அங்கேயும் சுரங்கம் வெட்டி, மின்சாரம் எடுக்கிறது. அவரால் வந்து அழைத்துப் போக முடியவில்லை. "டிக்கெட் போட்டாச்சு. நீயே பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டார். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. தங்கைக்கோ அதுவரை யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தால் பின்னால் போய்த்தான் பழக்கம்.

"அக்கா, டிக்கெட்னு ஏதோ போன்ல அனுப்பியிருக்கார். ஒண்ணும் புரியல. எனக்கு இங்கிலீஷ் வராதே! பேசாம போகலைன்னு சொல்லிடட்டுமா?" என்று போனில் ஒரே அழுகை. மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் கேட்ட பாஷை

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக நெய்வேலி ஆர்ச் கேட்டுக்குப் போகும் பாதை அது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "எங்க வீட்ல இன்னைக்கு நைட் ஷிப்ட்." "தம்பிக்கு மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலை." "நீங்க எந்த பிளாக்கு?" ஒருத்தி கையில் கீரைக்கட்டு, இன்னொருத்தி மடியில் குழந்தை. இவர்கள் யாரும் இலக்கணம் படித்து இந்த வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளவில்லை. தினமும் காதில் விழுந்தது, தேவைப்பட்டது, தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாய் ஏதோ வந்தது என்பார்கள். 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1957-ல் சுரங்க வேலை ஆரம்பமாயிற்று. 'லிக்னைட்' என்ற சொல் அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கத்து அடுப்படி வரை வந்தது. இப்போது பழுப்பு நிலக்கரி என்றால்கூடச் சிலர் யோசிப்பார்கள், லிக்னைட் என்றால் பாட்டிக்கும் தெரியும். சுரங்கத்து வார்த்தை வந்ததென்றால் ரயில் வார்த்தை மட்டும் வராமல் போய்விடுமா?

தங்கையிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். "நீ இங்கிலீஷ் பேச வேண்டாம். டிக்கெட்டில் இருக்கிற இருபது வார்த்தையைத் தெரிந்துகொள், போதும்" என்றேன்.

டிக்கெட்டைப் படிப்போமா?

முதலில் பி.என்.ஆர். இது பத்து இலக்க எண். டிக்கெட்டின் ஜாதகமே இதில்தான் இருக்கிறது. 139-க்குப் போன் செய்து இந்த எண்ணைச் சொன்னால் நம் இடம் உறுதியா இல்லையா என்று தெரிந்துவிடும். வழியில் ஏதேனும் ஆபத்து, தொந்தரவு என்றாலும் அதே 139-தான்.

அடுத்தது 'கன்பர்ம்'. டிக்கெட்டில் சி.என்.எப். என்று சுருக்கியிருப்பார்கள். இடம் உறுதி என்று அர்த்தம். ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறலாம், உட்கார இடம் உண்டு. ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யாராவது கேன்சல் செய்தால் முழுப் படுக்கை கிடைக்கும். டபிள்யூ.எல். என்றால் வெயிட்டிங் லிஸ்ட். கடைசி வரை அப்படியே நின்றுவிட்டால் அந்த டிக்கெட்டோடு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறக் கூடாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

'தட்கல்' இங்கிலீஷ் என்றே பலர் நினைக்கிறார்கள். அது வடமொழிச் சொல். உடனடி என்று பொருள். வண்டி புறப்படுவதற்கு முதல் நாள் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் கொடுப்பார்கள். சாதாரண ரிசர்வேஷன் முன்பு 120 நாள் முன்னதாகத் தொடங்கும். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகிவிட்டது.

தங்கையின் டிக்கெட்டில் பி-2, 36, 37 என்று இருந்தது. பி-2 என்பது பெட்டி, அதாவது கோச். 36-ம் 37-ம் படுக்கை எண்கள். "கீழயா மேலயா?" என்றாள். இதற்கு இங்கிலீஷே வேண்டாம், வாய்ப்பாடு போதும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர், கீழ்ப் படுக்கை. 2, 5 என்றால் மிடில், நடு. 3, 6 என்றால் அப்பர், மேல். 7 வந்தால் சைடு லோயர். மீதி இல்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். முப்பத்தாறை வகுத்தால் மீதி நாலு. "கீழ்ப் படுக்கை!" என்று தங்கை முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கர்ப்பிணிகளுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கையில் தனி ஒதுக்கீடே உண்டு. பாரத்தில் வயதைச் சரியாக எழுத மறக்காதீர்கள்.

பிள்ளைகள் கணக்கு: ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் என்றால் படுக்கை வேண்டாதபோது அரை டிக்கெட், படுக்கை வேண்டுமானால் முழு டிக்கெட். 2016-லிருந்து இப்படித்தான். அதனால்தான் பெரியவனுக்கு 37 என்று தனி எண். சின்னவள் அம்மாவோடு 36-ல்.

பலகையில் எழுதியிருப்பது

சென்னையில்தான் வண்டி மாற வேண்டும். எம்.எஸ். என்று சுருக்கியிருந்தால் எழும்பூர். எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஸ்டேஷனே மாறிப் போகும்! இதை இரண்டு முறை எழுதவைத்தேன்.

'கிளோக் ரூம்' என்றால் பாத்ரூம் இல்லை. பூட்டிய பெட்டிகளைக் காசு கொடுத்து விட்டுவைக்கும் அறை. 'ரிடையரிங் ரூம்' என்பது ரிடையர் ஆனவர்களுக்கு அல்ல. பயணிகள் வாடகைக்குத் தங்கும் அறை. 'ரீஷெட்யூல்' என்றால் வண்டி புறப்படும் நேரத்தையே மாற்றிவிட்டார்கள். 'டைவர்ட்' என்றால் வேறு பாதையில் போகிறது. இந்த இரண்டு வார்த்தையும் ஒலிபெருக்கியில் வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

நாம் இங்கே பேசும் இங்கிலீஷ் வேறு ஊரில் வேறு அர்த்தம் தருவதும் உண்டு. நமக்கு ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம், லாட்ஜ் என்றால் தங்கும் இடம். வடக்கே 'ஹோட்டல்' என்று கேட்டால் அறை வேண்டுமா என்பார்கள். சாப்பாட்டுக்கு 'ரெஸ்டாரென்ட்' என்று கேட்க வேண்டும். "பிளாக்" என்றால் நெய்வேலியில் வீடு இருக்கும் பகுதி. மத்திய அரசு ஊழியர் வீட்டில் எல்.டி.சி. பேச்சு வந்தால் அதே 'பிளாக்' நாலு வருஷக் கணக்கு. வார்த்தை ஒன்றுதான், இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். நம் தமிழிலும் 'படி' என்றால் வாசற்படியா, அளக்கும் படியா, பாடம் படிப்பதா என்று பார்ப்போமில்லையா?

மூட்டை கட்டும்போது

வார்த்தையோடு வயிற்றையும் கவனிக்க வேண்டுமே! முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லியும், கொஞ்சம் புளிசாதமும் கட்டிக்கொடுத்தேன். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். வறுத்த முந்திரி எங்கள் ஊர்ச் சீதனம். பலாச்சுளை கேட்டுப் பெரியவன் அடம் பிடித்தான். நீண்ட பயணத்தில் குழந்தைக்கு வயிறு மந்தமானால் யார் பார்ப்பது? இரண்டே சுளையோடு வீட்டிலேயே நிறுத்தினோம்.

இங்கேயும் ஒரு இங்கிலீஷ் உண்டு: ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து நீர் வற்றாமல் காக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. 'டபிள்யூ.எச்.ஓ. பார்முலா' என்று அச்சிட்ட பாக்கெட்டாக மருந்துக்கடையில் வாங்க வேண்டும். அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட், குத்துமதிப்பான தண்ணீர் என்பதெல்லாம் கூடாது. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள். "வந்து சேர்ந்துட்டோம் அக்கா. நடுராத்திரி ஒருத்தர் ஏறி, இது என் படுக்கைன்னாரு. நான் அவர் நம்பரைக் கேட்டேன். முப்பத்தஞ்சுன்னாரு. எட்டால வகுத்தேன், மீதி மூணு. 'அப்பர்'னு மேல கையைக் காட்டினேன். பேசாம ஏறிப் படுத்துக்கிட்டாரு!" அவள் குரலில் இருந்த தெம்பைக் கேட்டபோது எனக்கே ராஜஸ்தான் போய்வந்த மாதிரி இருந்தது.

சகோதரிகளே, நம்மில் எத்தனையோ பேர் பத்தாவது, பன்னிரண்டாவது படித்திருக்கிறோம். ஆனாலும் டிக்கெட் என்றால் வீட்டு ஆண்கள் சமாசாரம் என்று விட்டுவிடுகிறோம். பிரசவத்துக்குப் போக, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஓட, திடீரென்று ஒரு நாள் தனியாகப் புறப்பட வேண்டிவரும். அன்றைக்கு உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. அடுத்த தடவை உங்கள் வீட்டில் ரயில் டிக்கெட் எடுத்ததும் அது அவருடைய போனிலேயே கிடக்க விடாதீர்கள். உங்கள் போனுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அடுப்பில் குக்கர் விசில் வருவதற்குள் ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். புரியாத வார்த்தை இருந்தால் அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.