ரஹாங் பட்டறையில் ஒரு லேண்ட் ரோவர்

ரஹாங் என்றால் நம்மில் பலருக்கு அது தேர்தல் இரவில் காதில் விழும் ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயர், அவ்வளவுதான். சிரம்பானுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்து போவார்கள். இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. இறங்கிப் பார்க்க நீர்வீழ்ச்சியோ கோட்டையோ அங்கே இல்லை. கடைவீடுகள், தாமான் வீடுகள், இடையிடையே காடி பட்டறைகள். சிரம்பான் 2020-இல் மாநகரமாகிவிட்டது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் காலை வேளையில் நடந்தால் டீசல் வாடையும் ரொட்டி சானாய் வாசனையும் ஒன்றாகத்தான் வருகின்றன. பட்டணம் முழுதாக உள்ளே வரவில்லை, தோட்டம் முழுதாக வெளியே போகவில்லை.

நான் அங்கே போனது ஒரு சத்தத்தைப் பிடிக்க. வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காகத் தோட்டத்து ஒலிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். பெரட்டு மணி, பால் வாளி, பழைய லோரி என்று வரிசையாக. அதைக் கேட்ட நேயர் ஒருவர் அழைத்தார்.

"என்கிட்ட தோட்டத்து லேண்ட் ரோவர் ஒண்ணு இருக்கும்மா. வர்ற வாரம் எஞ்சினைக் கழட்டப் போறோம். சத்தம் வேணும்னா சனிக்கிழமைக்குள்ள வந்துடு."

பெரியவருக்கு வயது 68. ரஹாங்கில் தாமான் வீட்டில் இருக்கிறார். ரந்தாவ் பக்கம் ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறார். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை குலை வெட்டு. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலை வேகவைத்துவிட வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும், விலையும் இறங்கும். ஆக, அவருக்கு வண்டி என்பது வாசலில் நிறுத்தி அழகு பார்க்கும் பொருள் அல்ல. அது நின்றால் குலை மரத்தடியில் கிடக்கும். சென்ற ஆண்டில் மூன்று தடவை அப்படிக் கிடந்திருக்கிறது.

வண்டி 1978-ஆம் ஆண்டின் மூன்றாம் சீரிஸ், 109 அங்குல நீளச் சட்டம், பின்னால் திறந்த தொட்டி. அவர் ஓட்டுநராக வேலை பார்த்த தோட்டத்தில் அது துரைக்கு ஓடியது, பிறகு கிராணிக்கு ஓடியது, கடைசியில் உரமூட்டை ஏற்றியது. தொண்ணூறுகளின் நடுவில் தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போனபோது சாமான்களை விற்றார்கள். கைக்கு வந்த இழப்பீட்டில் ஒரு பங்கைக் கொடுத்து இதை வாங்கினார். "எல்லாரும் டிவி வாங்குனாங்க, நான் துரையோட காடியை வாங்குனேன்" என்று சிரிக்கிறார். அவருடைய மூத்த மகள் பிறந்ததும் இதே வண்டியில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ரந்தாவ் சாலையில்.

பட்டறைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் டிராக்டர் போர்மேனாக இருந்தவர். நான் ஒலிவாங்கியை எடுப்பதற்குள், "கொஞ்சம் இருங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்து சட்டத்தைச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். டங், டங், டங், பிறகு ஓர் இடத்தில் மட்டும் 'டப்'. அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார். லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியத் தகடு. 1948-இல் அது முதலில் வந்தபோது போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால் அப்படிச் செய்தார்கள். உடம்பு துருப்பிடிக்காது. உள்ளே இரும்புச் சட்டம் மட்டும் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். எஞ்சினுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் சட்டம் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்பது இவர் கணக்கு. 'டப்' கேட்ட இடங்கள் இரண்டு. இரண்டையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகுதான் மற்ற வேலை.

பிறகு பழைய எஞ்சினை எனக்காக முடுக்கினார்கள். 2286 சிசி டீசல். சாவியைத் திருப்பி ஹீட்டருக்காகக் காத்திருக்க வேண்டும். பெரியவர் உதட்டுக்குள் முப்பது வரை எண்ணினார். ஒரு இருமல், ஒரு வெள்ளைப் புகை, அப்புறம் மெதுவான முணுமுணுப்பு. வயதானவர் ஒருவர் வாய்க்குள் தேவாரம் சொல்வது போல இருந்தது எனக்கு. பதிவைக் காதுக்கருவியில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "ரெண்டாவது சிலிண்டர்ல டேப்பெட் லூசு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த எஞ்சினில் எண்ணெய் முதலில் பக்கத்திலுள்ள ஒரு சின்ன அறைக்குள் பற்றி, பிறகுதான் பிஸ்டனுக்கு வரும். வழியில் சூடு வீணாகும், ஆகையால் கிளம்ப நேரம் எடுக்கும், எண்ணெயும் கூடக் குடிக்கும். புதிதாக இருந்தபோதே அதன் சக்தி சுமார் 60 குதிரைத் திறன்தான். அதற்குப் பதிலாக இவர்கள் வாங்கி வைத்திருந்தது இசுசு பிக்கப்பின் 4ஜேஏ1. கொள்ளளவு 2499 சிசி, எண்ணெய் நேராகப் பிஸ்டன் தலையில் பீய்ச்சப்படும். ஹாஃப்கட் வியாபாரம் செய்யும் சீனத் தவுக்கேயிடம் எடுத்தது. 'ஏன் இன்னும் புதுசா, கம்ப்யூட்டர் வச்ச எஞ்சின் போடக்கூடாது?' என்று கேட்டேன். "தோப்புக்குள்ள நின்னுபோனா கம்ப்யூட்டரை யார் பார்க்குறது?" என்று திருப்பிக் கேட்டார் பட்டறைக்காரர். இதில் பம்பு முழுக்க இயந்திரம். ஸ்பானர் இருந்தால் போதும்.

எஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பது அரை நாள் வேலை. அதை இந்த வண்டியோடு பேசவைப்பதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். ஜப்பான் எஞ்சினின் பின்பக்கத்துத் துளைகளும் இங்கிலாந்து கியர்பாக்ஸின் துளைகளும் ஒத்துப்போகாது. நடுவில் ஒரு விரல் தடிமனுக்கு உலோகத் தகடு ஒன்றைக் கடைந்து வைக்க வேண்டும். அடாப்டர் பிளேட் என்கிறார்கள். கிராங்கின் நடுவும் கியர்பாக்ஸ் தண்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தலைமுடி அளவு விலகினாலும் வண்டி ஓடத்தான் செய்யும். ஆறு மாதத்தில் பேரிங் தின்றுபோய் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டி வரும். இவர் டயல் கேஜைப் பொருத்தி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, ஊசி ஆடுவதைப் பார்த்து, மறுபடி தளர்த்தி, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. வெளியே தே தாரேக் ஆறிப்போயிற்று. மேல்பக்க போல்ட்டுகளை முடுக்குவதும் தளர்த்துவதுமாக அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பேசியது நான்கு வார்த்தை இருக்கலாம்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். முன் அச்சு குழியில் எகிறும்போது எஞ்சினின் அடித்தொட்டியில் இடிக்காமல் இடைவெளி வேண்டும். பிரேக்குக்குத் தேவையான உறிஞ்சுகாற்றை இந்த எஞ்சினில் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் சின்ன பம்பு கொடுத்துவிடுகிறது, அது ஒரு நிம்மதி. ரேடியேட்டர் குழாய்களுக்கு வளைவு தேடி மூன்று கடை ஏறி இறங்கினார்கள்.

இதெல்லாம் ஏதோ இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் நானும் போனேன். பட்டறைக்காரர் அப்பாவைப் பற்றிப் பேசியபோதுதான் இதன் வயது புரிந்தது. 1932-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் ஃபிராங்க் பெர்கின்ஸ் தொடங்கிய நிறுவனம் 1937-இல் பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த லோரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டிக்கொள்வதற்கென்றே அதை நிறைய விற்றார்கள். 1959-இல் பெர்கின்ஸை டிராக்டர் நிறுவனமான மேசி ஃபெர்குசன் வாங்கிக்கொண்டது. நம் தோட்டங்களில் உழைத்த மேசி டிராக்டர்களின் வயிற்றில் இருந்தது அந்தக் குடும்பத்து எஞ்சின்தான். அப்பா கற்றுக்கொண்டது அதில், மகன் கற்றுக்கொண்டது அப்பாவிடம்.

நம் நாட்டுக் காடுகளில் மரம் இழுக்கும் 'சன் தாய் வாங்' லோரிகளையும் நினைத்துப் பாருங்கள். மலை ராஜா என்று சீனத்தில் பெயர், மலாய்க்காரர்களுக்கு அது லோரி ஹந்து. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ லோரிகளின் எலும்பில் ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றி, எண்பது வருடம் கடந்தும் மலையில் ஓட்டுகிறார்கள். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களில் பலவற்றின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பதும் ஜப்பான்தான்.

பெரியவர் வீட்டில் இதற்குச் சம்மதம் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். கோலாலம்பூரிலிருந்து பழைய வண்டி சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்து இருபத்தைந்தாயிரம் வெள்ளி தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனை, எஞ்சின் அசலாக இருக்க வேண்டும். "கழட்டிட்டா பாதி விலைகூட வராதுப்பா, வித்துட்டு ஒரு செகன்ஹேண்ட் ஹைலக்ஸ் எடுங்க" என்று மகன் தொலைபேசியில் சொன்னது எனக்கே கேட்டது. மகன் சொல்வதில் தப்பில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக ஒரே இரவில் ஏறியது. உதவித்தொகை மாதம் 200 வெள்ளி என்று அறிவித்தார்கள். ஆனால் சின்னத் தோட்டக்காரர் ஒவ்வொரு லிட்டரையும் எண்ண ஆரம்பித்தது அன்றைக்குத்தான். எஞ்சின், தகடு, கூலி எல்லாம் சேர்த்துப் பெரியவருக்கு ஆகும் செலவு பத்தாயிரத்தை ஒட்டி வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் விற்பதுதான் லாபம்.

எனக்கென்னவோ பெரியவரின் பக்கம்தான் மனம் சாய்கிறது. சேகரிப்பவரின் கண்ணாடிக் கொட்டகையில் அந்த வண்டிக்கு அசல் எஞ்சின் இருக்கும், ஆனால் அது குலை ஏற்றாது, சேற்றில் இறங்காது. தோட்டத்தில் இருந்தபோதே அதன் கதவு வேறொரு வண்டியிலிருந்து வந்தது, டயர் எத்தனை தடவை மாறியதோ கணக்கில்லை. "அசல்" என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பட்டறைக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. "முதல்ல பேப்பர், அப்புறம்தான் ரோடு." வண்டியின் கிராண்டில் சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் இருக்கும். எஞ்சின் மாறினால் ஜேபிஜேயில் விண்ணப்பிக்க வேண்டும், புஸ்பாகோமில் காட்ட வேண்டும், எண்ணையும் சிசியையும் கிராண்டில் மாற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியவர்கள் சாலைத் தடுப்பில் மாட்டிக்கொண்ட கதைகளை அவர் வரிசையாகச் சொன்னார். விபத்து நடந்தால் காப்புறுதிப் பணத்துக்கும் வம்பு. டீசலுக்கு டீசல் என்பதால் எரிபொருள் வகையை மாற்றும் தலைவலி இல்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். பெரியவர் சாவியைத் திருப்பினார், எண்ணவில்லை. எண்ணுவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முணுமுணுப்பு போய் 'டக டக டக' என்று கட்டாந்தரையில் உலக்கை போட்ட மாதிரி சத்தம். எண்ணெய் நேராகப் பீய்ச்சும் எஞ்சின்களுக்கு அந்தத் தட்டல் உண்டு. என் ஒலிவாங்கிக்கு அது இனிக்கவில்லை, பழையதுதான் இனிமை. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டுக் கேக்கவா ஓட்டுறோம்" என்றார்.

புஸ்பாகோம் முடிந்து புதிய எண்ணோடு கிராண்ட் கைக்கு வந்த பிறகு தொலைபேசியில் பேசினார். ரந்தாவ் ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு இரண்டாவது கியருக்கு இறங்காமல் மூன்றிலேயே ஏறிவிட்டதாம். வேகம் கூடவில்லை, லேண்ட் ரோவரின் பல்சக்கரக் கணக்கு அப்படி. அவருக்கு வேகம் தேவையும் இல்லை.

பழைய எஞ்சின் இப்போது பட்டறைக்குப் பின்னால் கித்தான் போர்த்திக் கிடக்கிறது. விஷயம் தெரிந்த கோலாலம்பூர்க்காரர், அதையாவது கொடுக்கிறீர்களா, என்னிடம் எஞ்சின் இல்லாத ஒரு வண்டி நிற்கிறது என்று கேட்டு வந்திருக்கிறார். பேரம் நடந்துகொண்டிருக்கிறது. பெரியவர் கேட்பது நாலாயிரம், அவர் சொல்வது மூவாயிரம்.

"டேப்பெட் லூசுன்னு அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன்மா. அதுக்குத்தான் ஆயிரம் கொறைக்கிறான்."